கோட்டை எங்கே போடுவது?

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ஒரு பதிலில் போகிறபோக்கில் 'பொது அமைப்புக் கோட்பாடு' என்று எழுதிவிட்டேன். ஆங்கிலத்தில் ஜெனரல் சிஸ்டம்ஸ் தியரி; எந்தத் துறையானாலும் சிஸ்டங்களுக்கு, அதாவது அமைப்புகளுக்குப் பொதுவாக உள்ளதைப் படிப்பது. அதைப் பிடித்துக்கொண்டு ஒரு கட்டுக் கடிதம் வந்துவிட்டது. சரி, இந்த முறை அதற்கே முழுப் பக்கமும். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் பேராசிரியர் இல்லை. வேலை பார்த்த காலம் முழுக்க நீராவி தயாரிக்கும் பாய்லர் ஹவுஸில் இன்ஸ்ட்ருமென்ட் பிரிவில் கிடந்தவன். வால்வும் மீட்டரும் படுத்திய பாட்டுக்கு விளக்கம் தேடப் போய்த்தான் இந்தப் புத்தகங்கள் கைக்கு வந்தன.

கேள்வி: கணினியும் சிஸ்டம், நரம்பு மண்டலமும் சிஸ்டம், அரசாங்கமும் சிஸ்டம். எல்லாமே சிஸ்டம் என்றால் சிஸ்டம் இல்லாதது எது?

பதில்: குவியல். மணல் குவியலில் இரண்டு கை அள்ளி எறியுங்கள், மிச்சமிருப்பதும் மணல் குவியல்தான். துகள்கள் ஏராளம், ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும்படி உறவு கிடையாது. அமைப்பு என்றால் பகுதிகளும் வேண்டும், அவற்றுக்கிடையே உறவும் வேண்டும்.

உறவு என்றால் என்ன என்பதற்கு ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். 'பூனையை நாய் துரத்தியது.' சொற்களை இடம் மாற்றி 'நாய் பூனையைத் துரத்தியது' என்றாலும் துரத்துவது நாய்தான். இப்போது அந்த 'ஐ' உருபை மட்டும் பூனையிடமிருந்து கழற்றி நாயின் வாலில் ஒட்டுங்கள். 'நாயைப் பூனை துரத்தியது.' சொற்கள் அதே மூன்று. ஓடுகிறவர் மாறிவிட்டார். வாக்கியத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது அந்த ஓரெழுத்து உருபு. அமைப்புக் கோட்பாடு சொற்களைவிட உருபுகளை அதிகம் கவனிக்கிற படிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மணல் குவியலைப் பற்றிச் சொன்னதற்கு இயற்பியல்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். மேலே மணலைக் கொட்டிக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் சரிகிறதே, அந்தச் சரிவை ஆராய்பவருக்குக் குவியலும் அமைப்புதான். அவர் கேட்பது வேறு கேள்வி, அவ்வளவுதான். ஒன்று அமைப்பா இல்லையா என்பது அந்தப் பொருளின் மேல் எழுதி ஒட்டியிருப்பதில்லை. கேள்வி கேட்கிறவர் ஒரு கோடு போடுகிறார். உள்ளே இருப்பது அமைப்பு, வெளியே இருப்பது சூழல். உள்ளே போவது உள்ளீடு, வெளியே வருவது வெளியீடு. முதல் பாடத்துச் சொற்கள் எல்லாம் இந்தக் கோடு போட்ட பிறகுதான் பிறக்கின்றன.

கேள்வி: சிஸ்டத்துக்குத் தமிழில் எது சரியான சொல்? அமைப்பு, மண்டலம், தொகுதி, முறைமை என்று ஆளுக்கொன்று எழுதுகிறார்கள். 'அமைப்பியல்' என்று போட்ட ஒரு புத்தகத்தை வாங்கினேன். உள்ளே மொழியியலும் இலக்கிய விமர்சனமுமாக இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: ஏமாறவில்லை, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிவிட்டீர்கள். தமிழில் அமைப்பியல் என்றால் ஸ்ட்ரக்சுரலிசம். மொழியியலாளர் சொசூர், மானிடவியலாளர் லெவி ஸ்ட்ராஸ் வழி வந்தது. ஒரு சொல்லின் மதிப்பு மற்ற சொற்களோடு அதற்குள்ள உறவில் இருக்கிறது என்று சொசூர் சொன்னதால் இரண்டு வீட்டாரும் தூரத்துச் சொந்தம் என்று வேண்டுமானால் சொல்லலாம். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்காதீர்கள், நல்ல படிப்புதான்.

மற்ற சொற்களில் ஒவ்வொன்றும் ஒன்றைப் பிடிக்கிறது, ஒன்றை விடுகிறது. நரம்பு மண்டலம், சூரிய மண்டலம் என்கிறபோது வட்டமும் எல்லையும் சொல்லிலேயே இருக்கின்றன. எனக்குப் பிடித்த சொல். ஆனால் 'கட்டுப்பாட்டு மண்டலம்' என்று எழுதினால் போலீஸ் தடுப்பு போட்ட இடம் போல ஒலிக்கிறது. தொகுதி என்றால் சேர்த்து வைத்தது தெரிகிறது, உறவு தெரியவில்லை. போதாக்குறைக்குத் தேர்தல் வேறு ஞாபகத்துக்கு வருகிறது. முறைமை ஒழுங்கைச் சொல்கிறது, பொருளைச் சொல்வதில்லை. நான் எழுதும்போது அமைப்பு என்பேன், பேசும்போது சிஸ்டம் என்பேன்.

கேள்வி: இதை ஆரம்பித்து வைத்தவர் யார்? எந்தத் துறைக்காரர்?

பதில்: லுட்விக் ஃபான் பெர்டலான்ஃபி. 1901இல் வியன்னாவை ஒட்டிப் பிறந்த உயிரியலாளர், 1972இல் அமெரிக்காவில் இறந்தார். மீன்வள ஆய்வாளர்களுக்கு அவரை வேறு விதத்தில் தெரியும். மீன் குஞ்சாக இருக்கும்போது மளமளவென்று நீண்டு, வயது ஏற ஏற வேகம் குறைந்து, ஓர் உச்ச நீளத்தை நெருங்கி நிற்கிறதே, அந்த வளைகோட்டுக்கு இன்றும் அவர் பெயர்தான். வளர்ச்சியை அவர் ஒரு வரவு செலவாகப் பார்த்தார்: உடலைக் கட்டுவது ஒரு பக்கம், சிதைவது ஒரு பக்கம். கட்டுவது மிஞ்சும்வரை வளர்ச்சி, இரண்டும் சரிசமமானால் நின்றுவிடும்.

அங்கிருந்துதான் பெரிய கேள்விக்குப் போனார். உயிரியல், பொருளாதாரம், சமூகவியல் என்று தனித்தனியாக உட்கார்ந்திருப்பவர்கள் ஒரே வடிவத்தை மறுபடி மறுபடி கண்டுபிடிக்கிறார்களே, அந்த வடிவங்களையே ஒரு துறையாகப் படித்தால் என்ன? 1954இல் அவரும் பொருளாதார அறிஞர் கென்னத் போல்டிங், உடலியலாளர் ரால்ஃப் ஜெரார்ட், கணிதக்காரர் அனடோல் ராப்போபோர்ட் ஆகியோரும் சேர்ந்து இதற்கென்றே ஒரு சங்கத்துக்கு அடி போட்டார்கள். பெர்டலான்ஃபியின் முக்கியமான நூல் 1968இல் வந்தது. நால்வருக்கும் நான்கு துறை என்பதைக் கவனியுங்கள்.

கேள்வி: எல்லாம் சிதைவை நோக்கிப் போகிறது, என்ட்ரோப்பி (ஒழுங்கின்மையின் அளவு) கூடிக்கொண்டே இருக்கிறது என்று இயற்பியலில் படித்தேன். ஆனால் விதை மரமாகிறதே? உயிர் இயற்பியலை மீறுகிறதா?

பதில்: மீறவில்லை. அந்த விதி, வெளியோடு எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லாத தனித்த அமைப்புக்குச் சொன்னது. விதை அப்படியா இருக்கிறது? அது திறந்த அமைப்பு: நீர், காற்று, வெளிச்சம் உள்ளே, வெப்பமும் கழிவும் வெளியே. மரத்தையும் சூரியனையும் சேர்த்து ஒரே கோட்டுக்குள் போட்டுக் கணக்குப் பாருங்கள், என்ட்ரோப்பி கூடித்தான் இருக்கும். மரத்தை மட்டும் சுற்றிக் கோடு போட்டதால் வந்த ஆச்சரியம் இது. உயிர் தன் ஒழுங்கைச் சூழலிலிருந்து வாங்கிக்கொள்கிறது என்று 1944இல் இயற்பியலாளர் ஷ்ரோடிங்கர் எழுதினார்.

மெழுகுவத்திச் சுடரை ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். அடியில் நீலம், மேலே மஞ்சள், நுனி கூர்மை. காற்றில்லாத அறையில் அதே உருவம் அப்படியே நிற்கும். ஆனால் போன நொடி அங்கே இருந்த ஆவி இப்போது இல்லை, எரிந்து போய்விட்டது. பொருள் ஓடிக்கொண்டிருக்கிறது, வடிவம் நிற்கிறது. பெர்டலான்ஃபி இதற்கு ஜெர்மனில் ஒரு சொல் செய்தார். தமிழில் 'பாயும் சமநிலை' என்று சொல்லலாம். நம் உடம்பும் அதுதான். இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்கள் ரத்தத்தின் சிவப்பணுக்கள் ஏறக்குறைய 120 நாள் கழித்து இருக்காது, நீங்கள் இருப்பீர்கள். மேஜைமேல் வைத்த கல்லும் மாறாமல்தான் இருக்கிறது, ஆனால் அது செத்த சமநிலை. இரண்டையும் ஒரே சொல்லால் சொல்லிவிட்டால் பாதி விஷயம் போச்சு.

ஒரு எச்சரிக்கை: 'மூடிய அமைப்பு' என்பதை இயற்பியலில் பொருள் போகாது, ஆற்றல் போகும் என்ற பொருளில் சொல்வார்கள். நிர்வாகவியல் புத்தகங்களில் எதுவுமே போகாது என்ற பொருளில் எழுதிவிடுகிறார்கள். தேர்வு எழுதுகிறவர்கள் எந்தத் தாள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆண்டு மதிப்பீட்டில் என் மேலதிகாரி எனக்கு 'நெகட்டிவ் ஃபீட்பேக்' கொடுத்தார். அமைப்புக் கோட்பாட்டில் அது நல்லது என்கிறார்களே, உண்மையா? ஆறுதலுக்காவது சொல்லுங்கள்.

பதில்: ஆறுதல் வேண்டுமானால் உண்மை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கோட்பாட்டில் எதிர்மறைப் பின்னூட்டம் என்றால் திட்டு கிடையாது. விலகலுக்கு எதிர்த் திசையில் தள்ளுவது, அவ்வளவுதான். உடம்பு சூடானால் வியர்க்கிறது, குளிர்ந்தால் நடுங்குகிறது; இரண்டும் 37 டிகிரிப் பக்கம் இழுத்து வைக்கின்றன. இந்தத் தன்னிலை காக்கும் வேலைக்கு ஹோமியோஸ்டாஸிஸ் என்று பெயர் வைத்தவர் உடலியலாளர் வால்டர் கேனன். நேர்மறைப் பின்னூட்டம் விலகலை மேலும் ஏற்றிவிடும். மேடையில் மைக்கை ஸ்பீக்கருக்கு எதிரே பிடித்ததும் 'கீய்ங்' என்று காதைக் கிழிக்கிறதே, அது நேர்மறைதான். பாராட்டு ஒன்றும் இல்லையே அதில்!

பின்னூட்டம் என்ற சொல்லே நம்மிடம் கொஞ்சம் தேய்ந்துவிட்டது. வலைப்பதிவில் கீழே எழுதும் கருத்துக்கெல்லாம் அந்தப் பெயர் வைத்தோம். வெளியீடு திரும்பி வந்து அடுத்த உள்ளீட்டை மாற்றினால்தான் பின்னூட்டம். உங்கள் மேலதிகாரி சொன்னதைக் கேட்டு நீங்கள் எதையும் மாற்றப் போவதில்லை என்றால் அது வெறும் கடுதாசி.

இந்த எண்ணம் கோட்பாட்டைவிட வயதில் மூத்தது. ஜேம்ஸ் வாட் 1788இல் நீராவி எந்திரத்தில் இரண்டு குண்டுகளைச் சுழலவிட்டார். வேகம் கூடினால் குண்டுகள் விரிந்து நீராவி வழியைச் சுருக்கும், குறைந்தால் இறங்கித் திறந்துவிடும். சில எந்திரங்களில் அது நிலைகொள்ளாமல் வேகத்தை ஏற்றி இறக்கி அலைக்கழித்தது. அது ஏன் என்று கணக்குப் போட்டு இயற்பியலாளர் மேக்ஸ்வெல் 1868இல் ஒரு கட்டுரை எழுதினார். எங்கள் ஆட்கள் அந்த அலைக்கழிப்பை இன்றும் 'ஹன்டிங்' என்பார்கள்: 'வால்வு ஹன்டிங் அடிக்குது, போய்ப் பார்.' 1948இல் கணிதக்காரர் நார்பர்ட் வீனர் இந்த முழுப் படிப்புக்கும் சைபர்னெட்டிக்ஸ் என்று பெயர் வைத்தார். சுக்கான் பிடிப்பவன் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது.

கேள்வி: நன்றாகத் தெரிந்தவர்களே ஒரு சிக்கலைச் சரிசெய்யப் போய் அதை மோசமாக்கிவிடுகிறார்களே, அதற்கு இந்தக் கோட்பாடு ஏதாவது சொல்கிறதா?

பதில்: சொல்கிறது. அடியேனே உதாரணம்.

பாய்லரின் உச்சியில் டிரம் என்று ஒரு பெரிய உருளை இருக்கும். பாதி தண்ணீர், பாதி நீராவி. தண்ணீர் மட்டம் நடுவில் சில சென்டிமீட்டருக்குள் நிற்க வேண்டும். ரொம்ப இறங்கினால் குழாய்கள் காய்ந்து வெந்துவிடும். ரொம்ப ஏறினால் நீராவியோடு தண்ணீரும் போய் டர்பைனை அடிக்கும். ஆகவே மட்டத்தை அளந்து, குறைந்தால் தண்ணீர் வால்வைத் திற, கூடினால் மூடு. குழந்தைக்கும் புரியும் எதிர்மறைப் பின்னூட்டம்.

நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இரவு ஷிஃப்ட். எங்களது பழைய பாய்லர், மட்டத்தை மட்டும் பார்த்து ஓடுகிற கன்ட்ரோல். திடீரென்று நீராவியை வாங்கும் பக்கத்தில் தேவை கூடியது. பேனலில் பார்க்கிறேன், டிரம் மட்டம் விறுவிறுவென்று ஏறுகிறது. ஆட்டோ தானாகவே வால்வை மூடிக்கொண்டிருந்தது, ஆனால் என் அவசரத்துக்கு அது போதவில்லை. மேனுவலில் போட்டு இன்னும் நன்றாக மூடினேன். முள் நின்றது. அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டிருப்பேன். அப்புறம் முள் இறங்க ஆரம்பித்தது. இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது. பதறிப்போய் வால்வை முழுக்கத் திறந்தேன். இன்னும் வேகமாக இறங்கியது! 'லோ லெவல்' அலாரம், பாய்லர் டிரிப் (தானாகவே நின்றுவிட்டது), அமைதி. பாய்லர் ஹவுஸில் அமைதியைப் போலப் பயங்கரம் வேறில்லை.

ஷிஃப்ட் இன்சார்ஜ் திட்டவில்லை. "தம்பி, சோடா பாட்டிலைத் திறந்தா என்ன ஆகும்?" என்று மட்டும் கேட்டார்.

அதுதான் விஷயம். நீராவியை அதிகமாக உறிஞ்சியதும் டிரம்மில் அழுத்தம் இறங்கியது. அழுத்தம் இறங்கினால் தண்ணீருக்குள் இருக்கும் குமிழ்கள் உப்பும், புதிதாகவும் கிளம்பும். ஆகவே தண்ணீரின் எடை குறைந்துகொண்டிருந்த அதே நேரத்தில் அதன் மட்டம் ஏறியது. ஏறிய மட்டத்தை நம்பி, தண்ணீர் மிகவும் தேவைப்பட்ட நிமிடத்தில் அதை நான் நிறுத்தினேன். கடைசியில் பயந்து திறந்தபோது உள்ளே போன ஒப்பீட்டளவில் குளிர்ந்த தண்ணீர் குமிழ்களை அமுக்கியது, மட்டம் இன்னும் சரிந்தது. தொழிலில் இதற்கு 'ஸ்வெல்', 'ஷ்ரிங்க்' என்று பெயர்.

பிறகு அந்த பாய்லருக்கு மூன்று அளவு கன்ட்ரோல் போட்டார்கள். மட்டம், வெளியே போகும் நீராவி, உள்ளே வரும் தண்ணீர். எவ்வளவு நீராவி போகிறதோ அவ்வளவு தண்ணீர் உடனே விடு. மட்டத்தை வைத்து மெதுவாகத் திருத்திக்கொள். நீராவி அளவு முன்கூட்டியே செய்தி சொல்கிறது, ஆகவே அதை முன்னூட்டம் என்று சொல்லலாம். நான் அன்றைக்கு டிரம்மைச் சுற்றி மட்டும் கோடு போட்டிருந்தேன். நீராவிக் குழாய் கோட்டுக்கு வெளியே இருந்தது.

ராஸ் ஆஷ்பி என்ற ஆங்கிலேய மனநல மருத்துவர் 1956இல் எழுதிய சைபர்னெட்டிக்ஸ் நூலில் ஒரு விதியை விளக்குகிறார். எதிரே எத்தனை விதமான தொந்தரவுகள் வருமோ, அவற்றுக்கு ஈடுகொடுக்கும் அளவு வித்தியாசமான பதில்கள் கட்டுப்படுத்துபவரிடம் இருக்க வேண்டும். என்னிடம் 'திற', 'மூடு' என்று இரண்டுதான் இருந்தன, அதுவும் ஒரே முள்ளைப் பார்த்து. தெரிந்தவர்கள் சொதப்புவது ஏன் என்றால், பெரும்பாலும் அவர்களுக்குத் தெரிந்தது அந்த ஒரு முள்.

கேள்வி: 'முழுமை, பகுதிகளின் கூட்டுத்தொகையைவிடப் பெரியது' என்பது சரியா?

பதில்: பெரியது என்பதைவிட வேறானது என்பது சரி. சில சமயம் சின்னதாகவும் இருக்கும். குழுவாக உட்கார்ந்து அறிக்கை எழுதியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

லண்டனில் தேம்ஸ் நதிக்குக் குறுக்கே மில்லேனியம் பாலம் என்று ஒரு நடைபாலம். 2000 ஜூன் 10 அன்று திறந்தார்கள், இரண்டே நாளில் மூடினார்கள். பாலத்தில் பிழை என்று சொல்ல முடியாது, நடந்தவர்களிடமும் பிழை இல்லை. கூட்டம் நடக்கும்போது பாலம் பக்கவாட்டில் லேசாக ஆடியது. ஆடும் தரையில் விழாமல் நடக்க மனிதர்கள் தங்களை அறியாமல் அதன் ஆட்டத்துக்கேற்பக் காலை வைத்தார்கள். ஒரே தாளத்தில் கால் விழ விழ ஆட்டம் கூடியது, கூடக்கூட இன்னும் பலர் அந்தத் தாளத்துக்கு வந்தார்கள். மைக்கும் ஸ்பீக்கரும்தான் மறுபடியும். அதிர்வை உறிஞ்சும் கருவிகள் பொருத்தி 2002 பிப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். அந்த ஆட்டத்தைத் தனி மனிதரிடமும் தேட முடியாது, வெறும் பாலத்திலும் தேட முடியாது. இரண்டும் சேர்ந்த பிறகு முளைப்பது அது. ஆங்கிலத்தில் எமர்ஜென்ஸ் என்பார்கள், தமிழில் 'முகிழ்ப்பு' என்று சொன்னால் எனக்குச் சம்மதம்.

கேள்வி: சமமுடிவு என்று ஒரு சொல் பாடத்தில் வருகிறது. இரண்டு வரியில் விளக்க முடியுமா?

பதில்: கடிகாரத்தைப் பாதியாக வெட்டினால் இரண்டு குட்டிக் கடிகாரம் கிடைக்காது. 1891இல் உயிரியலாளர் ஹான்ஸ் ட்ரீஷ், கடல் முள்ளெலி (sea urchin) என்ற கடல்வாழ் உயிரியின் கரு இரண்டு செல்லாக இருக்கும்போது அவற்றைப் பிரித்தார். இரண்டும் தனித்தனி முழு லார்வாவாக, அளவில் மட்டும் சிறியதாக வளர்ந்தன. வெவ்வேறு தொடக்கம், ஒரே முடிவு: அதுதான் சமமுடிவு. வரி கூடிவிட்டது, மன்னிக்கவும். ட்ரீஷ் இதற்கு ஏதோ உயிர்ச்சக்திதான் காரணம் என்று போனார். பெர்டலான்ஃபியோ, திறந்த அமைப்புக்கு இது இயல்பு, தனிச் சக்தி எதுவும் வேண்டாம் என்றார்.

கேள்வி: எல்லாவற்றையும் பற்றிப் பேசுகிற கோட்பாடு எதைப் பற்றியும் உருப்படியாகப் பேசாது என்று என் நண்பர் சொல்கிறார். உங்கள் பதில்?

பதில்: நண்பர் பாதி சரி. பொதுமை ஏற ஏற உள்ளடக்கம் வற்றும் என்று போல்டிங்கே 1956இல் எச்சரித்திருக்கிறார். வட்டமும் அம்பும் போட்ட படங்களை ஸ்லைடில் காட்டி ஒன்றும் சொல்லாமல் முடித்த கூட்டங்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆனால் மீதிப் பாதிக்கு வாருங்கள். ஸ்பிரிங்கில் தொங்கும் எடை ஆடுவதும், கம்பிச் சுருளும் (காயில்) மின்தேக்கியும் சேர்ந்த சுற்றில் மின்னோட்டம் ஆடுவதும் ஒரே சமன்பாடு. எடை இருக்கும் இடத்தில் காயிலின் தூண்டம் (இண்டக்டன்ஸ்), ஸ்பிரிங்கின் விறைப்பு இருக்கும் இடத்தில் மின்தேக்குத்திறனின் தலைகீழ். ஒன்றைத் தீர்த்தால் மற்றதும் தீர்ந்தது. இதற்கு ஒத்த வடிவம் என்று பெயர். 'உடம்பு போலத்தான் நிறுவனமும்' என்று மேடையில் சொல்வது உவமை. சமன்பாட்டில் உறுப்புக்கு உறுப்பு பொருந்துவதுதான் ஒத்த வடிவம். உவமையைக் காட்டி ஒத்த வடிவம் என்று விற்பவர்களிடம் நண்பரின் கோபம் நியாயமானது.

கேள்வி: எனக்குத் தூக்கம் வருவதில்லை. அதை அமைப்பு வரைபடமாக வரைந்து அனுப்பியிருக்கிறேன்: 'கவலை கூடுகிறது, தூக்கம் குறைகிறது, அதனால் கவலை கூடுகிறது.' கெட்டது என்பதால் எதிர்மறைப் பின்னூட்டம் என்று குறித்திருக்கிறேன். மதிப்பெண் போடுங்கள்.

பதில்: படத்துக்கு முழு மதிப்பெண், பெயருக்குப் பூஜ்யம். அம்புகளில் குறி போட்டு எண்ண வேண்டும். ஒன்று கூடினால் அடுத்தது குறையும் என்றால் கழித்தல் குறி. சேர்ந்தே கூடும் என்றால் கூட்டல் குறி. கவலை கூடினால் தூக்கம் குறையும்: கழித்தல். தூக்கம் குறைந்தால் கவலை கூடும்: இதுவும் எதிர்த் திசை, ஆகவே கழித்தல். வளையத்தில் மொத்தம் இரண்டு கழித்தல். இரட்டைப்படையானால் வளையம் தன்னையே ஏற்றிவிடும், நேர்மறை. ஒற்றைப்படையானால்தான் இழுத்து நிறுத்தும். உங்களுடையது மைக் ஊளையிடும் வகை.

படத்தில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. 'மணி இரண்டு, மூன்று என்று பார்த்துக்கொண்டே இருப்பேன்' என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள், படத்தில் கடிகாரமே இல்லை. தூக்கம் போனது எவ்வளவு என்ற செய்தி கவலைக்குப் போய்ச் சேர்வது அந்த வழியாகத்தான். கோட்டைக் கொஞ்சம் பெரிதாக்கி அதையும் உள்ளே போடுங்கள். பிறகு இன்றிரவு கடிகாரத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டு, எந்த அம்பு அறுகிறது என்று எழுதுங்கள். போனையும் எட்டாத இடத்தில் வைக்கவும், அதிலும் மணி தெரியும்.